சின்னவர் தனியாகச் செய்த ஆல்பம்

சின்னவருக்கு ஐம்பத்தெட்டு வயது நடந்துகொண்டிருந்தது. முன்பல் ஒன்று போய், மூக்குக் கண்ணாடி தடித்து, காதோரம் முழுக்க வெளுத்த பிறகும் ஊர் அவரைச் சின்னவர் என்றே கூப்பிட்டது. காரணம், பக்கத்திலேயே ஒரு பெரியவர் இருந்தார். கூடப்பிறந்த அண்ணன். இரண்டு பேரும் ஜோடியாக வயலின் வாசிக்கிறவர்கள். சுவரொட்டியில் அவர்கள் பெயர் தனித்தனியாக வந்ததே இல்லை. "சகோதரர்கள்" என்று போட்டு இரண்டு பேரையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள்.

ஜோடியாக வாசிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேடையில் உட்கார்ந்ததும் இரண்டு பேரும் கண்ணை மூடி ஆண்டவனை நினைத்துக்கொள்வார்கள். பிறகு பெரியவர் மூக்கால் ஒரு மூச்சை உள்ளே இழுப்பார். முதல் வரிசையில் இருக்கிறவருக்குக்கூட அது கேட்காது. தம்பிக்குக் கேட்கும். பாட்டு எந்த வேகத்தில் போகப்போகிறது என்பது அந்த மூச்சின் நீளத்திலேயே தெரிந்துவிடும். அண்ணன் இன்று குஷியாக இருக்கிறாரா, அண்ணியோடு முறைத்துக்கொண்டு வந்திருக்கிறாரா என்பதுகூடத் தெரியும். மூச்சு முடிகிற இடத்தில் இரண்டு வில்லும் ஒன்றாக இறங்கும். அப்புறம் அண்ணன் ஒரு அடி வாசிப்பார், தம்பி ஒரு அடி. கேள்வி அந்தப் பக்கம், பதில் இந்தப் பக்கம்.

சின்ன வயதில் பிடித்த பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. வாழ்நாளில் ஒரு பாட்டைக்கூடச் சின்னவர் தொடங்கியதில்லை.

ஆசை இல்லாமல் இல்லை. ஒரு நாள் பஸ்ஸில் வயலின் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு போகும்போது வாய்விட்டுக் கேட்டும்விட்டார்.

"அண்ணா, நாளைக்கு ஒரு பாட்டு நான் எடுக்கட்டுமா?"

"எடேன். நீ ஆரம்பிச்சா நான் எங்கடா போறது? கீழ இறங்கி டிக்கெட் வாங்கிட்டு உக்காரவா?"

"சும்மா கேட்டேன்."

"நானும் சும்மாதான் சொன்னேன். எடு, எடு."

மறுநாள் மேடையில் பெரியவர் பழக்கதோஷத்தில் மூச்சை இழுத்தார். இரண்டு வில்லும் இறங்கின. கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. பெரியவர் சிரித்த சிரிப்பில் சோறு புரை ஏறிவிட்டது.

வீடு ஒன்றுதான். கீழே அண்ணனும் அண்ணியும், மேலே தம்பியும் அவர் மனைவியும். பெரியவருக்குப் பிள்ளை இல்லை. சின்னவரின் ஒரே மகள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். சாயங்காலம் கீழ் அறையில் சகோதரர்கள் பழகும்போது அண்ணி அடுக்களையில் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்வார். எந்த ஒலி யாருடைய வில்லிலிருந்து வருகிறது என்று அவருக்கு அங்கிருந்தே தெரியும். "தம்பி, உங்க இரண்டாவது கம்பி தளர்ந்திருக்கு" என்று திரும்பிப் பார்க்காமல் சொல்வார். பாட்டுப் படித்தவர் இல்லை. கேட்டுக் கேட்டு வந்த காது.

கச்சேரி வருமானம் வீட்டுக்குப் போதாது. அதனால் சின்னவர் பகலில் ஒரு மைக் செட் கடையில் வேலை பார்த்தார். ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், மைக் எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை. திரும்பி வந்த வயரைச் சிக்கெடுத்துச் சுற்றுவதும், கரகரக்கிற மைக்கைப் பிரித்துத் துடைப்பதும் அவர் வேலை. முதலாளி வாயாடி. மனசு தங்கம், வாய்தான் தகரம்.

ஒரு காலையில் பெரியவர் வெளியே கிளம்புவதற்காகச் செருப்பை மாட்டக் குனிந்தார். நிமிரவில்லை. அவ்வளவுதான். ஆண்டவன் அவரை எந்த வேதனையும் இல்லாமல் எடுத்துக்கொண்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மைதான். ஆனால் எடுத்துக்கொண்டது ஒருவரைத்தான், இரண்டு பேராக இருந்தவர்களில் ஒருவரை.

சின்னவர் அழவில்லை. நாற்காலி போட்டார், சொந்தக்காரர்களுக்குப் போன் செய்தார், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். துக்கம் கேட்க வந்த முதலாளி என்ன பேசுவது என்று தெரியாமல் வாசலில் நின்று கையைப் பிசைந்தார். கடைசியில், "பெரியவர்னு ஒருத்தர் இருந்தாதானே சின்னவர். இனி உங்கள நான் என்னன்னு கூப்பிட?" என்று கேட்டுவிட்டு, தன் வாயைத் தானே நொந்துகொண்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்து, அவர்கள் வழக்கமாக வாசிக்கிற மண்டபத்துக்காரர்கள் ஒரு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். "அண்ணனுக்காக ஒரு பாட்டு வாசிங்க" என்றார்கள். சின்னவர் மேடையேறி அவருடைய வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. கண்ணை மூடினார், வயலினைத் தோளில் வைத்தார், வில்லைத் தூக்கினார்.

கை இறங்கவில்லை.

பாட்டு மறக்கவில்லை. விரல்கள் கம்பியின் மேல் சரியான இடத்தில்தான் இருந்தன. காது மட்டும் அந்த மூச்சுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அது வந்தால்தான் கை இறங்கும். அது வரவில்லை. தூக்கிய வில்லோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். சபையில் யாரோ ஒருவர், இது மௌன அஞ்சலி போலிருக்கிறது என்று எழுந்து நின்றார். அவரைப் பார்த்து அடுத்தவர் எழுந்தார். நாற்காலிகள் கிறீச்சிட்டன. மண்டபமே தலைகுனிந்து நின்றது. சின்னவர் கண்ணைத் திறந்தபோது எதிரே எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். வில்லை மெல்ல இறக்கி மடியில் வைத்தார்.

"வாசிக்காமலே எங்கள அழ வச்சிட்டீங்க" என்று வெளியே ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சின்னவர் வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

வீட்டில் முயன்று பார்த்தார். காலையில், மதியத்தில், சாயங்காலத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, திறந்து வைத்துக்கொண்டு. தானே மூச்சை இழுத்துப் பார்த்தார். தன் மூச்சுதான் என்று கைக்குத் தெரிந்துவிட்டது, இறங்கவில்லை. ஒரு நாள் வெட்கத்தை விட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து இப்படி இடது பக்கம் உக்காரு. மூக்கால மூச்ச உள்ள இழு. கொஞ்சம் சத்தமா."

"எதுக்குங்க?"

"இழேன்."

அவர் மனைவி உட்கார்ந்து இழுத்தார்.

"இவ்வளவு வேகமா இல்ல."

மறுபடி இழுத்தார். "சளி பிடிச்ச மாதிரி இருக்குங்க" என்று சிரித்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. விஷயம் புரிந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

கீழே அண்ணி வேறு. அவருக்கு எதுவும் தெரியாது. "ஒரே ஒரு தடவை எடுத்து வாசிங்க தம்பி. முழுசா வேண்டாம். பாதியாவது இந்த வீட்டுல கேக்கட்டும்" என்பார். படியேறும்போது சின்னவர் நிற்காமல், "நாளைக்கு அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போவார். எத்தனை நாளைக்குத்தான் நாளைக்கு.

இரவு படுக்கப் போகும் முன் ஜெபத்தில் அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். ஆண்டவனே, நான் வாசிக்கத் தெரிந்தவனா, இல்லை அண்ணன் பின்னால் ஓடத் தெரிந்தவன் மட்டும்தானா? முதலிலிருந்து முடிவு வரை எனக்கே எனக்கென்று ஒன்றை வாசிக்க விடு. அண்ணன் இல்லாத ஒன்றை. அதற்குப் பிறகு நீ என்ன சொன்னாலும் சரி.

கடைக்குப் பின்னால் ஒரு குடோன் இருந்தது. ஸ்பீக்கர் வாடகைக்கு எடுக்க வந்த வாத்தியக் குழுக்கள் கலைந்துபோகும்போது சாமான்களை அங்கேயே விட்டுவிட்டுப் போவது உண்டு. திரும்பி வந்து கேட்கிறவர் கிடையாது. ஒரு நாள் மூலையில் கிடந்த ஒயரை இழுக்கப் போன சின்னவரின் கையில் ஓர் அக்கார்டியன் தட்டுப்பட்டது. நெஞ்சில் கட்டிக்கொண்டு, துருத்தியை விரித்துச் சுருக்கி வாசிக்கிற பெட்டி. தூசி தட்டி மாட்டிக்கொண்டார். எந்தக் கட்டை எந்தச் சுரம் என்று அவருக்குத் தெரியாது. ஏதோ ஒன்றை அமுக்கித் துருத்தியை இழுத்தார்.

சத்தம் வந்தது.

யாருக்காகவும் அவர் காத்திருக்கவில்லை. கை அது பாட்டுக்கு இழுத்தது, பெட்டி அது பாட்டுக்குப் பாடியது. அந்தக் கைக்கு இந்தப் பெட்டியோடு முன்பின் பழக்கம் இல்லை. பழக்கம் இல்லாததால் காத்திருக்கவும் தெரியவில்லை. சின்னவர் அதை நெஞ்சோடு அணைத்தபடி, பக்கத்தில் இருந்த ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"யார் அது, குடோன்ல மாடு கத்துது?" என்று முதலாளி எட்டிப் பார்த்தார்.

"நான்தான் முதலாளி. இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?"

"தாராளமா. எலியாவது நிம்மதியாத் தூங்கட்டும். அந்தப் பக்கம் ஊதுகுழல் ஒண்ணு கிடக்கும், கிளாரினெட்டோ என்னவோ. மரக்கட்டையத் தட்டுவாங்களே, சைலஃபோன், அதுவும் இருக்கு. ரெண்டு கட்டை காணோம். எல்லாத்தையும் அள்ளிட்டுப் போங்க."

கூடவே ஒரு பழைய மைக்கையும், ஒன்றின் மேல் ஒன்றாக நாலு அடுக்குப் பதிவு செய்கிற ஒரு பெட்டியையும் கொடுத்தார். "வீட்டுலயே ஆல்பம் போடுங்க. இப்ப பொடிப்பசங்க எல்லாம் போடுறானுங்க" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். சின்னவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

மாடியில் பழைய பாய், தலையணை போடுகிற சின்ன அறை ஒன்று. சுவரெல்லாம் போர்வையைத் தொங்கவிட்டார். ஜன்னல் இடுக்கில் துணியைத் திணித்தார். எதிர் வீட்டுத் தையல்காரரின் மெஷின் ஓயும் நேரம் பார்த்துத்தான் பதிவு. அந்த நேரத்தில் மனைவி மிக்ஸி போடக் கூடாது, குழாய் திறக்கக் கூடாது, யாரையும் கூப்பிடக் கூடாது.

"நான் மூச்சு விடலாமா?" என்றார் மனைவி.

"மெதுவா விடு."

"நல்ல குடித்தனம்."

வாரங்கள் போயின. ஒரு வயதுப் பிள்ளை நடை பழகுவது போலத்தான் இருந்தது அவர் வாசிப்பு. கிளாரினெட் ஊதினால் பாதி காற்று, பாதி எச்சில். ஆனாலும் தன் மனசில் எழுந்த சின்னச் சின்ன மெட்டுகளைத் தானே தொடங்கி, தானே முடித்தார். அக்கார்டியனில் முதல் பாட்டைப் பதிவு செய்து முடித்த அன்று, மனைவியை அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார். அவர் மனைவி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏங்க நடுவுல நடுவுல நிறுத்திடுறீங்க?"

"எங்க நிறுத்தினேன்?"

"இதோ. இப்ப. இதோ மறுபடியும்."

சின்னவர் திருப்பிப் போட்டுக் கேட்டார். ஆமாம். ஒரு அடி இருந்தது. அப்புறம் அதே அளவுக்கு ஒன்றுமில்லை. பிறகு அடுத்த அடி, மறுபடி ஒன்றுமில்லை. அளந்து வெட்டிய மாதிரி இடைவெளி. வாசிக்கும்போது அவருக்கு அது வெறுமையாகவே தெரியவில்லை. தானாகத் தொடங்கியதில் இருந்த சந்தோஷத்தில், தொடங்கிய மறு நிமிஷமே பாதி இடத்தை ஒதுக்கிக் கொடுத்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை. கை புதுசு. காது பழசு.

மற்றப் பதிவுகளையும் போட்டுப் பார்த்தார். எல்லாவற்றிலும் அண்ணன் உட்கார இடம் விட்டிருந்தது.

அன்றைக்கு அவருக்கு அண்ணன் மேல் கோபம் வந்தது. வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "போயும் விடமாட்டியா?" என்று போர்வை தொங்குகிற சுவரைப் பார்த்துச் சொன்னார். சொன்ன வாயாலேயே ஆண்டவனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

இடைவெளி இல்லாமல் வாசிக்க முயன்றார். மூச்சு முட்டியது. பாட்டு பாட்டாக இல்லை, ஓட்டமாக இருந்தது. சரி, இடம் இருந்துவிட்டுப் போகட்டும், அதில் நானே உட்காருகிறேன் என்று முடிவு செய்தார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அதில் தன் அக்கார்டியன் ஒரு அடி கேட்கும். நின்றதும், கிளாரினெட்டில் பதிலை ஊதுவார். கிளாரினெட் தயங்குகிற இடத்தில் சைலஃபோனைத் தட்டுவார். இல்லாத இரண்டு கட்டைகளுக்குப் பதில் கடைசியில் பழைய நாற்காலிக் காலை அறுத்துக் கட்டினார்.

கேள்வியும் தானே, பதிலும் தானே. தன் வலது கையைத் தன் இடது கையால் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்கிற மாதிரி இருந்தது அவருக்கு. யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். ஆனாலும் கடந்தார். ஒரு இடைவெளி நிரம்பும்போதெல்லாம் மனசு லேசாகும், அதே நேரம் எதையோ தொலைத்த மாதிரியும் இருக்கும். ஏனென்று அவர் யோசிக்கவில்லை. யோசித்தால் நின்றுவிடும் என்ற பயம்.

மழைக்காலம் வந்து போவதற்குள் ஆல்பம் முடிந்தது. முதலாளி கடையிலேயே உட்கார்ந்து கேட்டார்.

"சின்னவரே, கோச்சுக்காதீங்க. எலிக்குக் கல்யாணம் நடக்கிற மாதிரி இருக்கு."

"பரவாயில்ல முதலாளி."

"இருங்க, நிறுத்தாதீங்க. மாப்பிள்ள வீட்டார் வரட்டும்." கடைசிப் பாட்டு வரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை. வந்த வாடிக்கையாளரைக் கையாலேயே நிற்கச் சொன்னார்.

ஆனால் முதலாளி சொல்வது சின்னவருக்கு முக்கியமில்லை. மனைவி சொல்வதுகூட இல்லை. சொல்லத் தெரிந்தவர் ஒருவர்தான். அதில் அண்ணன் ஒரு நூலளவு இருந்தாலும் அண்ணிக்குத் தெரிந்துவிடும். இல்லையென்றாலும் தெரிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பதிவுப் பெட்டியையும் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். அண்ணி அடுக்களை மேஜையில் பயறு புடைத்துக்கொண்டிருந்தார். சின்னவர் கையில் வயலின் இல்லை என்பதைத்தான் முதலில் பார்த்தார்.

"மேல என்னென்னமோ சத்தம் வருதேன்னு பார்த்தேன். இதானா தம்பி?"

"ஆமா அண்ணி. நானே செஞ்சேன். நீங்க கேக்கணும்."

"வயலின் இருக்கா இதுல?"

"இல்ல அண்ணி."

அண்ணி முறத்தைத் தள்ளி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். ஹெட்போனை எப்படி மாட்டுவது என்று தெரியாமல் தலைகீழாகப் பிடித்தார். சின்னவர் எழுந்து சரியாக மாட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்தார். பெட்டியின் பொத்தானை அமுக்கினார்.

அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அண்ணியின் முகம் மட்டும் தெரிந்தது. முதலில் அண்ணி கண்ணை மூடினார். பிறகு புருவத்தைச் சுருக்கினார், கூட்டத்தில் யாரையோ தேடுகிறவர் மாதிரி. தலையை ஒரு பக்கம் திருப்பினார், மறுபக்கம் திருப்பினார். ஒரு தடவை வாய் லேசாகத் திறந்தது. சின்னவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். வாய் மூடிக்கொண்டது. பாட்டு மாறி மாறிப் போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும். மேஜையில் பயற்றை மொய்க்க வந்த ஒரு எறும்பை அண்ணி விரலால் தடுக்கக்கூட இல்லை.

முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எல்லாமே நீங்களா?"

"ஆமா அண்ணி."

"பதில் சொல்றதும்?"

"அதுவும் நான்தான்."

அண்ணி மேஜையில் சிதறிய பயற்றை ஒதுக்கினார். பிறகு, ரொம்ப மெதுவாக, ஒரு வீட்டு விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

"நல்லா இருக்கு தம்பி. பொய் சொல்லல, நல்லா இருக்கு. ஒவ்வொரு பாட்டுலயும் ஏதாவது ஒரு ஓரத்துல இருப்பாருன்னு பார்த்துட்டே வந்தேன். கடைசி வரைக்கும் பார்த்துட்டேன்." ஹெட்போனின் ஒயரை விரலில் சுற்றினார். "அவர் இல்ல தம்பி. எங்கயுமே இல்ல."

இத்தனை மாதமாக ஆண்டவனிடம் அவர் கேட்டது இதைத்தான். கொடுத்துவிட்டான். தெரிந்த காது ஒன்று சாட்சி சொல்லிவிட்டது. இது முழுக்க உன்னுடையது, இதில் உன் அண்ணன் இல்லை என்று.

சின்னவர் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தார். "நானும் அவரத்தான்..." என்றவர் மேலே போக முடியாமல் நின்றார். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் செருப்பருகே குனிந்த அந்தக் காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. பெரிய சத்தம் இல்லை. தோள் மட்டும் குலுங்கிக் குலுங்கி நின்றது, மறுபடி குலுங்கியது. அண்ணி தேற்றவில்லை. எழுந்து போய் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, அவர் அழுது முடிக்கட்டும் என்று முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் நிறைந்துதான் இருந்தது.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார் கடைசியில்.

"வேண்டாம் அண்ணி. அதுல அண்ணன்..."

"தெரியும். முதல் தடவை அவரத் தேடினதுல நீங்க வாசிச்சத நான் ஒழுங்காக் கேக்கல. போடுங்க."

சின்னவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ஹெட்போனை மறுபடி அண்ணியின் காதில் பொருத்தினார். பொத்தானை அமுக்கினார். எதிரே உட்கார அவருக்குத் தெம்பு இல்லை. வெளியே வந்து, மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். எதிர் வீட்டுத் தையல் மெஷின் ஓய்ந்திருந்தது. உள்ளே அவருடைய ஆல்பம் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. படியில் ஒரு சத்தமும் கேட்கவில்லை.